காத்துக் கந்தோர்

தொண்டைமானாற்றுக் கரையில் அன்றைக்கு எத்தனையோ படகுகள் கிடந்தன. அவற்றில் ஜெயசுதனின் படகை அரசாங்கம் தெரிந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது படத்தில் நன்றாக விழுந்ததுதான். முந்திய கிழமைதான் அவன் அதற்குப் புது நீல வர்ணம் பூசியிருந்தான். டீசல் புகை கக்கும் மூன்று வாகனங்களில் வந்திறங்கியவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு கருவாட்டுப் பந்தல்களைத் தாண்டி, நேரே அந்த நீலப் படகின் முன்னால் வந்து வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்த பிறகுதான், "இது ஆரின்ரை போட்?" என்று கேட்டார்கள்.

"என்ரை" என்றான் ஜெயசுதன். அந்த ஒரு சொல்லுக்காக அவன் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வந்தவர்கள், வட பிராந்திய ஐதரசன் வலு மற்றும் பசுமைக் கடற்போக்குவரத்து அபிவிருத்தி அதிகாரசபையைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளமாக அமைந்துவிட்டதால், 'அதிகாரசபை' என்ற கடைசிச் சொல் பக்கத்துப் பல் வைத்தியரின் மதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லுப் பிடுங்க வந்த பலர் அதைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போனதாகக் கேள்வி. சனங்களுக்கு அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல மூச்சில்லை. அலுவலகத்தைக் கந்தோர் என்றே சொல்லிப் பழகியவர்கள், 'காத்துக் கந்தோர்' என்று சுருக்கிவிட்டார்கள்.

அதன் பணிப்பாளர் நாயகம் வாகீசன், மணலில் சப்பாத்துப் புதையப் புதைய நின்று விளக்கம் கொடுத்தார்.

"தம்பி, இனி உமக்கு மண்ணெண்ணெய் தேவையில்லை. உம்மடை எஞ்சினையும் கழட்டி எடுத்திடுவம். தண்ணியைப் பிரிச்சா ஐதரசன் வரும். அதை எரிபொருட் கலத்துக்கை விட்டாக் கரண்ட் வரும். கரண்டிலை மோட்டர் ஓடும். புகையில்லை, சத்தமில்லை, கழிவாய் வாறதும் தண்ணிதான். உலகம் முழுக்கக் கப்பல்காரர் இதைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். வடக்கிலை முதல் ஆள் நீர்."

ஜெயசுதனுக்கு இதில் ஒன்றுதான் தெளிவாக விளங்கியது: மண்ணெண்ணெய் தேவையில்லை. நாட்டில் எண்ணெய் இல்லாமற் போன அந்த வருடம், கலனோடு வரிசையில் நின்று நின்று அவனுடைய கால் வீங்கியது. கடலில் மீன் படுகிற காலத்தில் அவன் எண்ணெய் நிரப்பும் செட் வாசலில் படுத்துக் கிடந்தான். ஆகவே அவன் ஓம், சம்மதம் என்றான்.

அவன் மனைவி பத்மாசினி கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இஞ்சை பாருங்கோ ஐயா, இவரின்ரை எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போனா, காத்து வருமட்டும் இவர் என்னத்திலை கடலுக்குப் போறது?"

வாகீசன் மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "மிக நல்ல கேள்வி அம்மா. இப்படியான கேள்விகளுக்கென்றே நாங்கள் ஓர் உபகுழு நியமிக்க இருக்கிறோம்."

உபகுழு வரவில்லை. உழவு இயந்திரம் வந்தது. எஞ்சினைக் கழற்றி ஏற்றினார்கள். அதன் கழுத்தில் 'முந்திய யுகச் சொத்து' என்று ஒரு அட்டை கட்டினார்கள். பின்னால் ஒரு பெட்டியில், ஏதோ ஒரு வெளிநாடு அன்பளிப்பாகக் கொடுத்த எரிபொருட் கலமும் மின் மோட்டரும் வந்து படகில் ஏறின. எல்லாம் சரி. காற்று மட்டும் இல்லை.

வேறு ஆளின் படகில் கூலிக்குப் போகலாம் என்றால் அதற்கும் தடை. முன்னோடிப் பயனாளி ஒருவர் மண்ணெண்ணெய்ப் படகில் காணப்பட்டால் திட்டத்தின் நற்பெயர் கெட்டுவிடும், அப்படி நடந்தால் எஞ்சினைப் பற்றிப் பிறகு கதைக்க வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஆகவே ஜெயசுதன் கரையில் நின்றான். நின்றான் என்று சொல்வது பிழை. அவனால் நிற்க முடியவில்லை. தடுப்பணையிலிருந்து முகத்துவாரம் வரை நடந்தான், திரும்பி நடந்தான். மற்றவர்களின் படகுகள் புறப்படும்போது இடுப்பளவு தண்ணீர் வரை கூடப் போய்விட்டு, ஏதோ மறந்தவன் போலத் திரும்பி வந்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழும்பி வாசலுக்குப் போய்க் காற்றுத் திசை பார்த்தான்.

"ஒரு இடத்திலை இருங்கோவன்" என்றாள் பத்மாசினி. "உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது."

"இருந்தா எனக்குச் சுத்துது."

அவள் மற்றவர்களிடம் மீன் வாங்கிக் கருவாடு போட்டுத்தான் அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு முறையும் கூடையோடு அவள் பிறர் படகுக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்க்க மாட்டாமல், அவன் ஒருநாள் காலையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனான்.

மின்சாரம் நின்றிருந்தபடியால், கந்தோர் வாசலில் குளிரூட்டிக்காக ஒரு டீசல் ஜெனரேற்றர் கர்ச்சித்துக்கொண்டு நின்றது. அதன் புகை, 'தூய காற்று எமது பிள்ளைகளின் உரிமை' என்ற பதாகையைக் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகக் கறுப்பாக்கியிருந்தது. இப்போது 'உரிமை' மட்டும்தான் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

விசாரணை மேசையில் இருந்த சுபாஜினி தலையை நிமிர்த்தினாள். சத்தத்தில் இருவரும் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"என்ன அலுவல்?"

"காத்து எப்ப வருமெண்டு கேக்க வந்தனான்."

"என்ன நிறக் காத்து?"

ஜெயசுதன் முழித்தான். சுபாஜினி பொறுமையானவள். விளங்கப்படுத்தினாள். "வெயிலிலை செய்தாப் பச்சை. எரிவாயுவிலை செய்து புகையைப் புதைச்சா நீலம். புகையை அப்பிடியே விட்டாச் சாம்பல். ஒவ்வொண்டுக்கும் ஒரு பிரிவு, ஒரு உதவிப் பணிப்பாளர், ஒரு வாகனம்."

"அப்ப காத்து உண்மையா என்ன நிறம் பிள்ளை?"

"காத்துக்கு நிறமில்லை அண்ணை. பிரிவுக்குத்தான் நிறம்."

தேடிப் பார்த்ததில், ஜெயசுதனின் விவகாரம் நீலப் பிரிவில் கிடந்தது. படகு நீலம் என்பதால் யாரோ அங்கே அனுப்பிவிட்டார்கள். நீலப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் மிகவும் மனநிறைவோடு இருந்தார். "எங்கடை பிரிவுக்கு எரிவாயுவும் இல்லை, புதைக்கப் புகையும் இல்லை. அதாலை இந்த வருசம் ஒரு துளி மாசும் நாங்கள் உண்டாக்கேல்லை. நாட்டிலை வேறை எந்தத் திணைக்களம் அப்பிடிச் சொல்லும்?" என்றார். பிறகு தணிந்த குரலில், "உமக்குக் கெதியா அலுவல் முடியவேணும் எண்டாப் படகைப் பச்சையாக்கும்" என்று ஆலோசனை சொன்னார்.

ஜெயசுதன் ஊருக்கு வந்து படகைப் பச்சையாக்கினான். பச்சைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். "இது வாழையிலைப் பச்சை. நீர்வேலி வாழைத்தோட்டத்துக்குச் சரி. எங்கடை சின்னத்திலை இருக்கிறது கடற்பச்சை" என்றுவிட்டுப் போனார். ஜெயசுதன் திரும்பவும் பூசினான். பூசிக்கொண்டிருக்கும்போது கரையில் போனவர்கள், "ஜெயசுதன், அடுத்த கிழமை என்ன கலர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவன் தூரிகையைக் கொஞ்சம் அழுத்திப் பூசினான்.

கந்தோருக்கு அடிக்கடி போய் வந்ததில் அவன் ஒரு விடயத்தைக் கவனித்தான். மாடிப்படியின் கீழ், சைக்கிள் நிறுத்துகிற இடம் போன்ற ஒரு மூலையில், லவீனா என்றொரு பொறியியலாளர் இருந்தாள். பாசையூர்ப் பெண். அந்தக் கட்டடத்திலேயே ஐதரசனைப் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்குக் கூட்டங்களுக்குத் தேத்தண்ணியும் றோல்ஸும் ஒழுங்குபண்ணுகிற பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

"பிள்ளை, நீராவது சொல்லும். காத்து எங்கை நிக்குது?"

"கப்பலிலை வருகுது அண்ணை."

"கப்பல் என்னத்திலை ஓடுது?"

லவீனா சுற்றிவரப் பார்த்துவிட்டு, "டீசலிலை" என்றாள்.

அடுத்ததாகப் பயிற்சிப் பட்டறை வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபம். பயனாளி ஒருவர்தான். பயிற்றுவிக்க வந்தவர்கள் மண்டபத்தை நிரப்பினார்கள். பாதுகாப்பு உத்தியோகத்தர் சுபாஸ் திரையில் படங்களைப் போட்டு, ஐதரசன் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கினார். அது இலேசானது, சின்ன ஓட்டையாலும் கசியும். மணமில்லை. தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது.

"தெரியாட்டி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஜெயசுதன் கேட்டான்.

"அருமையான கேள்வி" என்று சுபாஸ் மேசைக்குக் கீழிருந்து வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை எடுத்தார். "இதை முன்னாலை நீட்டிக்கொண்டு நடக்கவேணும். தும்பு பத்தினா அதிலை நெருப்பு நிக்குது எண்டு அர்த்தம். அந்தக் காலத்திலை றொக்கெட் விடுற இடத்திலையும் இப்பிடித்தான் செய்தவை."

மண்டபம் கைதட்டியது. அதிகாரசபையின் சின்னம் பொறித்த அந்தத் தும்புத்தடியை வாகீசனே ஜெயசுதனுக்கு இரண்டு கையாலும் வழங்கினார். படம் எடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டில் இறால் இருந்தது. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஜெயசுதன் மட்டும் தும்புத்தடியைப் பிடித்தபடி இருந்தான்.

அவன் வீட்டுக்கு வேறு மனிதனாக வந்தான். படகுப் பக்கம் போகும்போதெல்லாம் தும்புத்தடியை நீட்டிக்கொண்டு போனான். படகுக்குக் கிட்ட யாரும் பீடி பற்றவைத்தால் பாய்ந்து பிடுங்கினான். பத்மாசினி கற்பூரம் கொளுத்தப் போனபோது, "கவனம்! கண்ணுக்குத் தெரியாது!" என்று கத்தினான்.

"உங்கடை காத்து வரவே இல்லையே" என்றாள் அவள்.

"வந்தாலும் தெரியாது. அதுதான் பயம்."

அப்படி இருக்கும்போது ஒருநாள் காற்று வந்தது. கடற்பச்சை வர்ணம் பூசிய ஒரு நீள உருளை, மாலை போட்டு, லொறியில் வந்து இறங்கியது. சுற்றிக் கயிறு கட்டி, 'தீ மூட்டாதீர்' என்று மூன்று மொழியில் பலகை நட்டார்கள். மறுநாள் திறப்பு விழா. பந்தல், கம்பளம், ஒலிபெருக்கி, பாடசாலைப் பிள்ளைகளின் வாத்தியம். பிரதம விருந்தினராக ஒரு பிரதி அமைச்சர் வந்தார். அவருக்கு இது அன்றைய நாளின் நான்காவது விழா. தான் திறப்பது பாலமா பாலர் பாடசாலையா என்று காதோடு காதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வாகீசன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கௌரவ அமைச்சர் அவர்களே, பெரியோர்களே! இந்த மண்ணில் கடல் இருந்தது. வெயில் இருந்தது. காற்று இருந்தது. ஆயினும் நாம் முன்னேறவில்லை. ஏன்? இந்த மூன்றையும் மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரசபை இருக்கவில்லை! இன்று அந்தக் குறை நீங்கியது. எமது அதிகாரசபை தொடங்கியபோது எம்மிடம் ஒரு மேசை மட்டுமே இருந்தது. இன்று மூன்று பிரிவுகள், பதினொரு வாகனங்கள், ஓர் உருளை! எரிபொருள் இல்லாமலேயே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றால், எரிபொருள் கிடைத்துவிட்டால் எங்கே போய் நிற்போம் என்பதை எண்ணிப் பாருங்கள்!"

கைதட்டல் ஓய்ந்ததும் மங்கல விளக்கேற்றல். குத்துவிளக்கைப் பந்தலுக்குள் வைத்தால் உருளை படத்தில் விழாது என்று படம் எடுப்பவர் சொன்னார். எனவே விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் உருளைக்குப் பக்கத்தில், 'தீ மூட்டாதீர்' பலகையின் அடியில் வைத்தார்கள். பிரதி அமைச்சர் எரிகிற மெழுகுதிரியோடு புன்னகைத்தபடி குனிந்தார்.

தும்புத்தடியோடு முன்வரிசையில் நின்ற ஜெயசுதனின் கண்ணுக்குள் பட்டறையின் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. அடுத்த வரிசையில் பத்மாசினி. அதற்கு அடுத்ததில் வாத்தியப் பிள்ளைகள். அவன் யோசிக்கவில்லை. பாய்ந்தான். தும்புத்தடியால் மெழுகுதிரியைத் தட்டினான். குத்துவிளக்கை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, "ஓடுங்கோ! எல்லாரும் ஓடுங்கோ!" என்று அலறியபடி கம்பளத்தின் வழியே ஓடிப்போய்க் கடலில் எறிந்தான்.

சனம் கலைந்தது. கதிரைகள் விழுந்தன. மேளம் ஒன்று உருண்டது. வாகீசன் கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்தார்.

"டேய் விசரா! அதுக்கை ஒண்டும் இல்லையடா! வெறும் உருளையடா!"

அந்தக் குரல் தொண்டைமானாறு முழுக்கக் கேட்டது. செல்வச்சந்நிதிக் கோயிலடியில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஓடியவர்கள் நின்றார்கள்.

வாகீசன் தொண்டையைச் செருமினார். மேடைத் தமிழுக்குத் திரும்பினார். "வெறும் உருளை என்று நான் குறிப்பிட்டது, அதனுள் எந்த மாசும் இல்லை என்ற பொருளில்."

பிரதி அமைச்சர் விரலை ஊதிக்கொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார். "பூச்சிய உமிழ்வு, பூச்சிய உமிழ்வு என்று இவ்வளவு காலமும் கேள்விப்பட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்" என்று பாராட்டிவிட்டு, ஐந்தாவது விழாவுக்குப் புறப்பட்டுப் போனார்.

ஜெயசுதன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, அந்த வெட்கம் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

விசாரணை வைத்தார்கள். கந்தோரின் மேல்மாடியில் மூன்று பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள்.

"பாதுகாப்பான ஓர் உருளையைக் கண்டு ஏன் பயந்தீர்?"

"நீங்கள்தானே ஐயா பயப்பிடச் சொல்லித் தந்தனீங்கள்."

"அது பயிற்சி. பயிற்சியைப் பயிற்சியிலைதான் நம்பவேணும்."

"சரி ஐயா, பிழை என்ரைதான். என்ரை எஞ்சினைத் தாங்கோ, நான் போறன்."

எஞ்சினைத் திருப்பிக் கொடுப்பதென்றால் திட்டம் முடிந்திருக்க வேண்டும். முடிவதென்றால் தொடங்கியிருக்க வேண்டும். திறந்துவைத்தாயிற்று, ஆனால் தொடங்கவில்லை. ஆகவே எஞ்சின் களஞ்சியத்தில் இருக்க வேண்டியதுதான் என்று நடுவில் இருந்தவர் மிகவும் அனுதாபத்தோடு விளக்கினார்.

ஜெயசுதன் படி இறங்கி வந்தான். "கடலைப் பாத்தே எனக்கு விசர் பிடிக்கப் போகுது" என்று தனக்குத்தானே சொன்னான். மாடிப்படியின் கீழிருந்த லவீனா அதைக் கேட்டாள். றோல்ஸ் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணை, என்னட்டைக் கொஞ்சம் இருக்கு."

"என்ன?"

"ஐதரசன்."

ஜெயசுதன் இரண்டடி பின்வாங்கினான்.

அவள் சொன்ன கதை சுருக்கமானது. அன்பளிப்பாக வந்த பெட்டிகளில் ஒன்றில் தண்ணீரைப் பிரிக்கும் சிறிய கருவியும் இருந்தது. அது என்னவென்று யாருக்கும் தெரியாததால் கூரையில் போட்டுவிட்டார்கள். அங்கேயே கிடந்த சூரியத் தகடுகளோடு அதைப் பொருத்தி, கிணற்றுத் தண்ணியை வடித்துச் சுத்தமாக்கி ஊற்றி, மாதக்கணக்காக அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காற்றுச் செய்துகொண்டிருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் கூரைக்கு வருவதில்லை. சின்னச் சின்ன உருளைகளில் அது சேர்ந்து இருந்தது.

"கன தூரம் போகாது. ஆனா ஓடும். நான் படிச்சது ஓடுமோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும் அண்ணை. றோல்ஸ் கணக்குப் பாத்தே என்ரை காலம் போகுது."

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலை, கந்தோர் பூட்டிக் கிடந்த வேளையில், அவள் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். கரையில் நின்றவர்கள் தள்ளியே நின்றார்கள். விழாவின்போது ஓடியவர்கள் அவர்கள். பத்மாசினி மட்டும் கிட்ட வந்தாள். "பிள்ளை, இது வெடிக்குமோ?"

"கவனமில்லாட்டி எதுவும் வெடிக்கும் அக்கா. மண்ணெண்ணெயும் அப்பிடித்தானே. கசிவிருக்கோ எண்டு சவர்க்காரத் தண்ணி போட்டுப் பாத்திட்டன். திறந்த வெளியிலை கசிஞ்சாலும் மேலை போயிடும்."

"அப்ப கூட்டிக்கொண்டு போம். ஆளைக் கரையிலை வைச்சிருந்து எனக்கும் ஏலாது."

லவீனா முன்னால் ஏறினாள். ஜெயசுதன் பின்னால், சுக்கானைப் பிடித்தான். அவள் வால்வைத் திறந்தாள். அவன் கண்ணை மூடினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. இவளும் கந்தோர்க்காரிதானே, இவளுடையதும் வெறும் உருளைதான் என்று அவன் நினைத்துக் கண்ணைத் திறந்தபோது, கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கரையில் நின்றவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். படகு முகத்துவாரத்தைத் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கியது. படகின் முன்முனையான அணியம் தண்ணீரை வெட்டுகிற ஒலியை ஜெயசுதன் கேட்டான். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவன், அந்த ஒலியை எஞ்சின் ஓடும்போது ஒருநாளும் கேட்டதில்லை. புகையில்லை. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பில்லை.

"பிள்ளை, உண்மையாவே ஓடுது!"

லவீனா முன்னால் பார்த்தபடியே கண்ணைத் துடைத்தாள். அவள் அழுகிறாள் என்று அவன் விளங்கிக்கொண்டு, சுக்கானைத் திருப்பினான். மாதக்கணக்காக அவனுக்குள் குதித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, அந்தச் சின்னப் பயணத்தில் அடங்கி உட்கார்ந்தது. காற்றுத் தீர்ந்ததும் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தார்கள். தள்ளி நின்ற சனம் முழுவதும் இப்போது தண்ணீருக்குள் இறங்கி வந்து படகைப் பிடித்து இழுத்தது.

கந்தோர் இதைக் கேட்டுக் கொண்டாடும் என்று ஜெயசுதன் நினைத்தான். மறுநாள் வாகீசன் லவீனாவையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"ஆரைக் கேட்டு ஓட்டினனீர்?"

"சேர், ஓடிச்சுது சேர்! சத்தமில்லை, புகையில்லை, நீங்கள் சொன்னமாதிரியே!"

"அதைத்தான் கேக்கிறன். ஏன் ஓடிச்சுது?" அவர் தலையில் கை வைத்தார். "இது முதலாம் கட்டம். முதலாம் கட்டம் எண்டா, ஓடுமோ எண்டு ஆராயிற கட்டம். அதை ஆராயத்தான் நாங்கள் வாற மாசம் எட்டுப் பேர் நோர்வேக்குப் போறம். இப்ப ஓடிட்டுதெண்டா அங்கை போய் என்னத்தை ஆராயிறது?"

லவீனாவுக்கு எதிரான குற்றச்சாட்டை அவர் அங்கேயே, நின்ற இடத்திலேயே வாசித்தார்: அதிகாரசபைக் கட்டடத்தின் கூரையில் அனுமதியின்றி ஐதரசன் உற்பத்தி செய்தமை.

"சேர், எங்கடை வேலையே அதுதானே?" என்றாள் லவீனா.

"இல்லைப் பிள்ளை" என்றார் வாகீசன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எங்கடை வேலை ஊக்குவிக்கிறது. உற்பத்தி செய்யிறதில்லை."

அவளை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகைகளில் ஓர் அறிவித்தல் வந்தது. தொண்டைமானாற்றுக் கடலில் ஐதரசனைக் கொண்டு படகொன்று இயக்கப்பட்டதாகப் பரவும் வதந்தியில் எவ்வித உண்மையும் இல்லை என்றும், அவ்வாறான எதுவும் வடக்கில் நடைபெறாதவாறு அதிகாரசபை தொடர்ந்து விழிப்புடன் செயற்படும் என்றும், பொதுமக்கள் வீணாக நம்பிக்கை கொள்ள வேண்டாம் என்றும் அதில் இருந்தது. கீழே வாகீசனின் கையொப்பம்.

மறுப்பு என்று வந்துவிட்டால் முறையாகச் செய்ய வேண்டும். ஓடாத படகுக்குப் பயனாளி இருக்க முடியாது. பயனாளி இல்லையென்றால் அவனுடைய எஞ்சின் களஞ்சியத்தில் இருக்கக் காரணமில்லை. ஆகவே எஞ்சின் உழவு இயந்திரத்தில் திரும்பி வந்தது. படகில் பூட்டியிருந்த எரிபொருட் கலத்தையும் மோட்டரையும் கழற்ற ஒருவரும் வரவில்லை. இல்லாத படகில் பூட்டாத பொருளை எப்படிக் கழற்றுவது என்று மூன்று பிரிவுகளும் முதன்முறையாக ஒன்றுகூடி ஆராய்ந்து, விட்டுவிடுவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தன. கூரையில் இருந்த கருவி வதந்திக்குச் சாட்சியாகிவிடும் என்பதால் அதையும் சூரியத் தகடுகளையும் குப்பையோடு தெருவில் போட்டார்கள். லவீனா வந்து ஏற்றிக்கொண்டு போனாள்.

ஜெயசுதன் எஞ்சினைப் பூட்டிக் கடலுக்குப் போனான். மீன் பட்டது. பத்மாசினியின் கூடை நிறைந்தது. எல்லாம் பழையபடி ஆனதென்று கரையில் சொன்னார்கள். ஆனால் அவனுக்கு எஞ்சினின் இரைச்சல் காதுக்குள் குடைந்தது. கடல் நடுவில் அதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்து பார்த்தான். இருக்க முடியவில்லை. கரைக்கு வந்து நடந்தான், திரும்பி நடந்தான். இந்தமுறை பத்மாசினி அவனை ஒரு இடத்தில் இருக்கச் சொல்லவில்லை.

கடலுக்குப் போகாத ஒருநாள் காலையில் அவன் லவீனாவுக்குப் போன் எடுத்தான்.

"பிள்ளை, அந்தக் காத்து இன்னும் செய்யலாமோ?"

"செய்யலாம் அண்ணை. கருவியை எங்கடை வீட்டுக் கூரையிலை ஏத்திட்டன். வெயில் நல்லா இருக்கு. ஆனா இஞ்சை இருக்கிற கிணறெல்லாம் உப்பு. வடிச்சு வடிச்சுக் களைச்சுப் போனன். நல்ல தண்ணி கொண்டு வந்தாப் போதும்."

"கந்தோருக்குச் சொல்ல வேண்டாமோ?"

"அவை நோர்வேக்குப் போயிட்டினம்."

ஜெயசுதன் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய தண்ணிக் கலனை வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டு நின்றான். பத்மாசினி கருவாட்டுப் பந்தலிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணியைக் கட்டிக்கொண்டு எங்கை போறியள்?"

"பாசையூருக்கு. காத்துச் செய்ய."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தாள்.

"ஒரு கலன் போதுமோ? நில்லுங்கோ, மற்றதையும் நிரப்பித் தாறன்."